கைச்சூடு

பட்டாணி உரிப்பதில் தவசிலிங்கத்துக்கு ஒரு சௌகரியம் இருந்தது. தலையை நிமிர்த்த வேண்டியதில்லை. ஊட்டியில் மார்கழி வெயில் ஏமாற்றுக்கார வெயில், கண்ணைக் கூசவைக்கும், உடம்பைச் சுடாது. பின்வாசல் படியில் சாக்கை மடித்துப் போட்டு, குரங்குக் குல்லாயைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டு, கறுப்புக் கம்பளியைக் கழுத்துவரை போர்த்தி, மடியில் முறத்தோடு அவர் உட்கார்ந்திருந்த கோலத்தை அருப்புக்கோட்டையில் யாராவது பார்த்தால், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற மனுஷன் என்று சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டார்கள், ஆட்டுக்குட்டியைத் திருடிக் கம்பளிக்குள் வைத்திருக்கிறவன் என்பார்கள். திருட்டு என்ற நினைப்பு வந்ததும் விரல் நின்றது. திருடவில்லையே. எடுத்தோம், வைத்தோம், திரும்பக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டோம். இதற்குப் பேர் திருட்டா? தலைக்குப் பின்னால் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னலுக்கு உள்ளே, மேசையில், அந்த மரப்பெட்டி திறந்திருந்தது. மருமகள் ஒரு சின்ன இடுக்கியால் குச்சியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி வெள்ளைப் பீங்கான் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். விழுகிற சத்தம் கேட்காது, அவ்வளவு இலேசான சாமான் அது. இடுக்கி தட்டில் படுகிற சத்தம்தான் கேட்டது. டிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, லென்ஸ் வைத்துப் பார்க்கிறாள் போல. பிறகு டிக். செத்தது, செத்தது, இதுவும் செத்தது என்று தவசிலிங்கத்தின் காதில் விழுந்தது. கொன்ற ஆள் வெளியே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அது அவளுக்குத் தெரியாது.

பெட்டிக்குள் இருந்தது புழு. அவர் ஊர்ச் சுவர்களில் சாம்பல் நிறத்தில் பூசணி விதை மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு நகருமே, தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளுமே, விளக்குமாற்றால் தட்டி எறிவோமே, அதற்கு இது ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். பெரிதானால் அந்துப்பூச்சி. இது தின்பது ஓக் மரத்து இலையை. டீத்தோட்டத்தில் நிழலுக்கு நட்டிருக்கிற சில்வர் ஓக் இல்லை, வெள்ளைக்காரன் தன் ஊர் ஞாபகத்துக்குக் கொண்டுவந்து நட்ட நிஜ ஓக், குளிர் வந்தால் இலையெல்லாம் கொட்டிவிட்டுப் பட்டமரம் மாதிரி நிற்கும். பயல் அரிசி நீளம்கூடக் கிடையாது, ஆனால் ரோஷக்காரன். தின்கிற இலையிலேயே ஒரு துண்டு வெட்டி, வாயிலிருந்து வருகிற நூலால் தைத்து, சுருட்டு மாதிரி ஒரு சட்டை போட்டுக்கொள்வான். சட்டையை இலையின் அடியில் ஒட்டவைத்து, குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை போட்டு, தலையை மட்டும் இலைக்குள்ளே நுழைத்து எட்டினவரைக்கும் தின்பான். வால் சட்டையை விட்டு வெளியே வராது. எட்டாதது எவ்வளவு ருசியாக இருந்தாலும் வேண்டாம். குளிர் வந்ததும் குச்சியில் சட்டையோடு ஒட்டிக்கொண்டு, மரம் துளிர்க்கிறவரைக்கும் தூங்குவான். இவ்வளவும் மருமகள் சொல்லித்தான் தவசிலிங்கத்துக்குத் தெரியும், ஆனால் அவரிடம் சொல்லவில்லை. புருஷனிடம் சொன்னாள். புருஷனிடம் பேசுகிற குரலைவிட ஒரு பங்கு உரக்கச் சொன்னாள். அந்த வீட்டில் பேச்சு அப்படித்தான் நடந்தது. கார்த்திகையில் அவர் வந்து இறங்கிய அன்றைக்கு, "வாங்க மாமா, பயணமெல்லாம் நல்லா இருந்துச்சா?" என்று நேராகத்தான் கேட்டாள். அவர் மகன் ராஜவேலைப் பார்த்து, "பஸ்ஸுல ஒரே வளைவுடா" என்றார். மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது. அவருடைய அப்பா சாகிறவரைக்கும் இவர் சம்சாரம் சீனியம்மாளிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை, தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைத் தரையில் தட்டுவார். இவள் தூத்துக்குடிக்காரி, வேதக்காரி. அவர்கள் பக்கத்தில் மாமனாரும் மருமகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவார்களாம். ஆனாலும் கெட்டிக்காரி, ஒரே நாளில் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்புறமெல்லாம் "காப்பி போட்டிருக்கு" என்பாள் அடுப்பைப் பார்த்து. "சூடு போதும்" என்பார் இவர் சுவரைப் பார்த்து. சுவர் பாவம், இரண்டு பேருக்கும் காது கொடுத்தது. இன்றைக்குக் காலையில் ராஜவேல் வங்கிக்குக் கிளம்பிப் போனதும், முறத்தையும் பட்டாணியையும் படியில் கொண்டுவந்து வைத்து, "உரிச்சா மத்தியானத்துக்குக் குருமா வச்சிரலாம்" என்று பட்டாணியிடம் சொல்லிவிட்டுத்தான் அவள் பெட்டியை இறக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இதற்குப் பேர் மரியாதையாம். நகத்துக்கடியில் பச்சைச் சாறு ஏறியிருந்தது. தோலைக் கீழே போடுவதற்குப் பதில் பட்டாணியைக் கீழே போட்டுவிட்டுத் தோலை முறத்தில் போட்டிருந்தார், அதைப் பொறுக்கக் குனிந்தபோதும் டிக் என்றது. என்ன பெரிய மரியாதை? இந்தக் கல்யாணத்தைப் பற்றி மகன் போனில் சொன்ன அன்றைக்கு, பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டு, பூச்சி ஆராய்ச்சி என்று பதில் வந்ததும், "ஊரு ஒலகத்துல ஒனக்குப் புழுப் பொறுக்குறவதான் கெடச்சாளாடா?" என்று கத்தியவர் இந்த மரியாதைக்காரர்தான். மகன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான் என்பதும், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள் என்பதும் பிறகு சம்சாரம் சொல்லித்தான் தெரியும். "அந்தப் பிள்ள காதுல விழுந்துருச்சு. ஒரு வார்த்த பேசிருங்க, மனசு ஆறிரும்" என்று சீனியம்மாள் எத்தனையோ தடவை சொன்னாள். பேசவில்லை. பேசாமலிருக்க வழக்கம் கைகொடுத்தது. மரியாதை என்று பேர் வைத்துக்கொண்டால் கூச்சம்கூட நிமிர்ந்து நடக்கும். ஆவணியில் சீனியம்மாள் போய்ச்சேர்ந்தாள். தனியாக வீட்டில் கிடந்தவரை, "ஒத்தையில எப்படி இருப்பாங்க, கூட்டிட்டு வாங்க" என்று மகனை அனுப்பியது இந்தப் புழுப் பொறுக்குகிறவள்தான். அவள் வீட்டில், அவள் வைத்த வெந்நீரில் குளித்து, அவள் துவைத்த வேட்டியைக் கட்டி, அவள் பின்னித் தந்த இந்தக் குல்லாயை மாட்டிக்கொண்டு, அவள் பேரைக்கூட அவர் சொன்னதில்லை. அங்க, வீட்ல, அது. இப்படியே ஓட்டிவிட்டார். பிலோமினா. மனசுக்குள் சொல்லிப் பார்க்கவே நாக்குக் கூசியது, அடுத்த வீட்டுச் சாமானைத் தொட்டுப் பார்த்த மாதிரி.

தொட்டுப் பார்த்த மாதிரி. தொடாதீங்க என்றுதானே சொன்னார்கள். கிறிஸ்துமஸுக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாகத் தூத்துக்குடிக்குக் கிளம்பினபோது, ராஜவேல் பையைத் தோளில் போட்டுக்கொண்டே, "அப்பா, பின்னால தொங்குற பெட்டிய மட்டும் தொட்ராதீங்க" என்றான். ஏன் என்று சொல்லவில்லை. அவள்தான் சொல்லச் சொல்லியிருப்பாள். அந்த ஒரு வார்த்தை சோற்றில் கிடக்கும் கல் மாதிரி கடிபட்டது. தொட்டால் என்ன, தீட்டா? நாற்பது அடிக் கம்பத்தில் ஏறி இறங்கின கை இது, ஒரு மரப்பெட்டியைத் தொட லாயக்கில்லையா? அவர்களோடு போகவும் மனம் வரவில்லை, "நான் எதுக்குடா அங்க" என்று சொல்லிவிட்டார். பனிக்காலத்தில் அவள் அந்த ஓக் மரத்தை விட்டு நகரமாட்டாளாம், கல்யாணம் ஆனபிறகு பண்டிகைக்குத் தாய்வீட்டுக்குப் போவது அதுதான் முதல் தடவையாம். மரம் ஐப்பசிக் காற்றில் சாய்ந்துவிட்டது, இனிக் காவல் இருக்க அங்கே ஒன்றுமில்லை. கொட்டுகிற மழையில் குடைகூட எடுக்காமல் ஓடிப்போய், விழுந்து கிடந்த மரத்திலிருந்து அந்தக் குச்சிகளை வெட்டிக் கொண்டுவந்தாளாம். வேறு எந்த மரத்திலும் அந்தப் புழு இல்லையாம். ராஜவேல் இதைச் சொன்னபோது தவசிலிங்கம் ம் என்றார். உள்ளுக்குள்ளே, பரவாயில்லையே, வேலை என்றால் இப்படித்தான் பார்க்கவேண்டும் என்று பட்டது. பட்டதை வெளியே சொன்னால் வாய் வெந்தா போய்விடும்?

அவர்கள் போன பிறகு ஒரு விடியற்காலையில் பின்கதவைத் திறந்தார். புல்லெல்லாம் வெள்ளை. கொடியில் மறந்துபோன துண்டு அப்பளமாக விறைத்திருந்தது. ஊட்டிக்காரர்கள் உறைபனி என்பார்கள், அருப்புக்கோட்டைக்காரருக்கு அது எமன் வந்து சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போன மாதிரிதான். பெட்டியின் வலைமேல் பனி உப்புப் பொரிந்திருந்தது. உள்ளே குச்சிகளும் வெள்ளை. "அடப் பாவமே, உள்ள உசிரு இருக்கேய்யா" என்று வாய்விட்டுச் சொன்னார். வாய்விட்டுச் சொன்னது நிஜம். கயிற்றை அவிழ்த்துப் பெட்டியை மார்போடு அணைத்துத் தன் அறைக்குக் கொண்டுபோய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஹீட்டர் எதிரே வைத்தது நிஜம். இங்கேதான் நினைப்பு வேலிமுள்ளில் சிக்கின வேட்டி மாதிரி நின்றுவிடுகிறது, இழுத்தால் கிழிகிறது, விட்டால் நடக்கமுடியவில்லை. இரக்கத்தில்தான் எடுத்தாரா? அல்லது தொடாதே என்று சொன்னதற்காகத் தொட்டாரா? அணைத்துத் தூக்கினபோது, இப்ப என்ன செய்வீங்க, தொட்டாச்சு என்று ஒரு சந்தோஷம் கழுத்துப் பக்கம் ஊர்ந்ததா இல்லையா? ஊர்ந்தது போலத்தான் இருக்கிறது. இல்லை, அது கயிறு உரசினதாக இருக்கும். அதோடு இன்னொன்றும் இருந்தது, அதை நினைக்கத்தான் முகம் சிவக்கிறது. அவள் திரும்பி வருவாள், பெட்டியைப் பார்ப்பாள், எல்லாம் உயிரோடு நகர்ந்துகொண்டிருக்கும், யார் காப்பாற்றியது என்று கேட்பாள், ராஜவேல் சொல்லுவான், அப்பாதான் என்று. ஒரு வார்த்தை பேசாமல் பழைய கணக்கைத் தீர்த்துவிடலாம். மன்னிப்புக் கேட்கத் துணிச்சல் இல்லாதவன் உபகாரம் பண்ணக் கிளம்பினான். பிள்ளையார் பிடிக்கப் போனது குரங்காக முடிந்ததில் என்ன ஆச்சரியம், பிடித்த கை அப்படி.

ஆனால் அவை எழுந்த அன்றைக்கு இருந்த சந்தோஷம் பொய்யில்லை. காலையில் கண் விழித்துப் பார்த்தால், குச்சியில் ஒட்டியிருந்த சுருட்டுகளில் ஒன்று ஆடியது. பிறகு இன்னொன்று. கறுத்த தலை ஒன்று வெளியே எட்டிப்பார்த்து, குச்சியைப் பிடித்து, சட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தது. அவர் குளிரை மறந்து தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தார். "எந்திரிச்சாச்சா? எங்க கெளம்பியாச்சு? சட்டயத் தூக்கிக்கிட்டு நடக்கிறதப் பாரு, பள்ளிக்கூடத்துக்குப் போற மாதிரி." யாருமில்லாத அந்த வீட்டில் அவர் வாய் ஓயாமல் பேசினார். சீனியம்மாள் போனபிறகு அவ்வளவு பேசினதே இல்லை. மருமகளிடம் ஒரு சொல் பேசமாட்டார், அவளுடைய புழுக்களிடம் ஊர்க்கதையெல்லாம் சொன்னார், ரேடியோவில் செய்தி போட்டால் கூட இருந்து கேட்டது அவைதான். எழுந்த பிள்ளைக்குப் பசிக்கும் என்று தோன்றியது. ஓக் இலைக்கு எங்கே போவது? குல்லாயும் கம்பளியுமாக மேட்டுத் தெருவரை மூச்சுவாங்க ஏறிப் பார்த்தார், நின்ற ஓக் மரமெல்லாம் ஈர்க்குச்சி. கேரட் தழை கொடுத்தார். பீட்ரூட் இலை கொடுத்தார். பக்கத்து வீட்டு ரோஜாச் செடியில் கொழுந்து கிள்ளினார். அவை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கின, மறுபடி குச்சியில் மேலும் கீழும் நடந்தன, வலையின் மூலையில் போய்க் கூடின, பிறகு ஒவ்வொன்றாக நின்றன. "திரும்பத் தூங்கிட்டாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தூங்கிட்டாங்களாம். அப்படியென்றால் தழையையெல்லாம் ஏன் பொறுக்கி வெளியே எறிந்தாய்? பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் மாட்டினபோது, அவள் போட்டிருந்த முடிச்சு எப்படி இருந்தது என்று ஞாபகப்படுத்தி ஞாபகப்படுத்தி, அதே மாதிரி ஏன் முடிந்தாய்? மனசுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்திருந்தது. நேற்று ராத்திரி அவர்கள் வந்தார்கள். அவள் பையைக்கூட வைக்காமல் பின்கதவைத் திறந்து, டார்ச்சை அடித்து, பெட்டி தொங்குவதைப் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தாள். முடிச்சு நன்றாகத்தான் போட்டிருந்தார்.

உள்ளே இடுக்கி நின்றுவிட்டது. போன் பேசுகிறாள். "சார், முடிஞ்சுருச்சு சார்." அவளுக்குப் பாடம் சொல்லித்தந்த கல்லூரிப் பேராசிரியராக இருக்கும், வேறு யாரையும் அவள் சார் என்பதில்லை. "எல்லாமே மூலையில போயி கூடிக் கிடக்கு. எந்திரிச்சிருக்கு சார். குளிர்லதான் சார் இது பத்திரமா உறங்கும், எவ்வளவு பனி பேஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. சூடு பட்டுருச்சுன்னா துளிர் வந்துருச்சுன்னு நெனச்சு எந்திரிச்சிரும், திங்க எல இருக்காது. அப்படியே அலைஞ்சு செத்துரும்." கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்துப் பேச்சைக் கேட்டாள். தவசிலிங்கத்தின் கையில் பட்டாணித் தோல் திறந்தபடி இருந்தது. சூடு பட்டால் செத்துவிடும். பனி ஒன்றும் செய்யாது. எமன் வெளியே இல்லை, கட்டிலுக்குப் பக்கத்தில் ஹீட்டர் போட்டுக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். "வெயில் படுற சொவத்துல மாட்டிட்டேன் போல சார். என் தப்புத்தான். நான் ஊருக்குப் போயிருக்கக் கூடாது." என் தப்பு என்று சாதாரணமாகச் சொன்னாள், பால் வாங்க மறந்துவிட்டது என்கிற மாதிரி. "ஒண்ணே ஒண்ணு உசிரோட இருந்தாக்கூடப் போதும் சார். நம்ம காலேஜ் கண்ணாடி வீட்ல ஓக் கன்னு ஒண்ணு துளிர்விட்டு நிக்குது, அதுல விட்டு அந்துப்பூச்சியா வெளிய எடுத்துரலாம். பூச்சி வந்தாத்தானே என்ன இனம்னு சொல்ல முடியும். வெறும் புழுவ வச்சு என்னத்தச் சொல்ல? மூணு வருஷ ஆராய்ச்சியும் போச்சு சார்." குரல் அங்கேதான் கொஞ்சம் உடைந்தது, உடனே சரிபண்ணிக்கொண்டாள். அழட்டுமே. அழுதால் எழுந்து எங்காவது போய்விடலாம். அழாமல் இப்படி நிதானமாகப் பேசினால் உட்கார்ந்து கேட்கவேண்டியிருக்கிறது.

அடுத்த பட்டாணிக்குள் ஒரு புழு இருந்தது. பச்சைப் புழு, பட்டாணி நிறத்திலேயே, கொழுத்துப்போய். வழக்கமாக இருந்தால் தோலோடு சேர்த்துத் தூர எறிந்திருப்பார். எறிய முடியவில்லை, தோலை மூடிப் படியோரத்தில் வைத்தார். பெரிய ஜீவகாருண்யம், கேட்டால் சிரிப்பார்கள். உள்ளே மறுபடி போன். இது அம்மாவிடம், குரலே வேறு. "நல்லா வந்து சேந்தோம்மா. மீன் ஊறுகாயெல்லாம் ஒழுகல. இல்லம்மா, ஒண்ணுமில்ல, தொண்டக்கட்டு. ம்மா, இனிமே கிறிஸ்மஸுக்கெல்லாம் என்ன எதிர்பாக்காதீங்க. வரல. இல்ல, அவங்க ஒண்ணும் சொல்லல, மாமாவும் ஒண்ணும் சொல்லல. யாரு மேலயும் தப்பில்லம்மா. நான்தான் விட்டுட்டு வந்தேன், அதான். எனக்கு இந்த வேல இருக்கிற வரைக்கும் பனிக்காலத்துல நகர முடியாது. அழாதீங்கம்மா." மாமாவும் ஒண்ணும் சொல்லல. அது உண்மை. மாமா ஒன்றும் சொல்லவில்லை. தூத்துக்குடியில் ஒரு கிழவி போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறாள், மாமா பட்டாணி உரிக்கிறார். இத்தனை நேரம் அவர் செத்த புழுக்களுக்காக மட்டும்தான் கூசிக்கொண்டிருந்தார். இந்த ஒரு வாரத்துச் சூடு எங்கேயெல்லாம் போய்ப் படுகிறது!

சொல்லிவிடலாம். சொன்னால் என்ன நினைப்பாள்? புழுப் பொறுக்குறவ என்று ஏசின ஆள், தொடாதே என்று சொல்லியும், ஆளில்லாத நேரம் பார்த்து, அத்தனையையும் கொன்று போட்டிருக்கிறான் என்றுதான் நினைப்பாள். நல்லதுக்குச் செய்தேன் என்றால் யார் நம்புவார்கள்? அவருக்கே முழுசாக நம்பிக்கையில்லை. சொல்லாவிட்டால்? யாருக்கும் தெரியாது. வெயில் படுகிற சுவர் பழியை வாங்கிக்கொள்ளும். சுவர் இதுவரைக்கும் என்னவெல்லாமோ வாங்கிக்கொண்டதுதானே. லைனில் வேலை பார்த்த காலத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒருவன் கரண்டை நிறுத்தச் சொல்லி லைன் கிளியர் வாங்கிக்கொண்டு கம்பத்தில் ஏறினால், வேலை முடிந்ததும் அவனே வந்து, அவன் பேரைச் சொல்லி, அவன் வாயால் திருப்பிக் கொடுக்கவேண்டும். வேறு ஆள் வந்து, அவர் இறங்கிட்டாருங்க என்று சொன்னால் செல்லாது, மந்திரி வந்து சொன்னாலும் செல்லாது. வாங்கினவன்தான் கொடுக்கவேண்டும். "எடுத்தவன் எவனோ அவன் வரட்டும்யா" என்று சப்-ஸ்டேஷன் வாசலில் நின்று எத்தனை பேரை விரட்டியிருப்பார். அப்படி விரட்டின தவசிலிங்கம் எங்கே போனார்? சீனியம்மாள் கிடந்த ஆஸ்பத்திரியிலேயே தொலைந்துபோனார். கடைசி நாளில் சீனியம்மாள் கண்ணைத் திறக்காமல் கிடந்தபோது நர்ஸ் சொன்னது, "பேரச் சொல்லிக் கூப்பிடுங்க அய்யா, சில சமயம் கேக்கும்." கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இந்தா" என்றார். அவளை ஆயுசுக்கும் அப்படித்தான் கூப்பிட்டிருந்தார். நர்ஸ், "பேரு அய்யா, பேரு" என்றது. "இந்தா, இங்க பாரு, இந்தா." பேர் வரவில்லை. சுற்றி ஆள் நின்றார்கள், கூச்சமாக இருந்தது. பெண்டாட்டி செத்துக்கொண்டிருக்கிறாள், இவருக்குக் கூச்சமாக இருந்தது. அவள் போனபிறகு ராத்திரியெல்லாம் சீனியம்மா, சீனியம்மா என்று சுவரோடு முனகியிருக்கிறார், சுவருக்கு அந்தப் பேர் எதற்கு?

முறத்தில் பட்டாணி நிறைந்துவிட்டது. உரிக்க இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. முடிந்துவிட்டால் நிமிரவேண்டும், எழுந்து உள்ளே போகவேண்டும், அந்த மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒரே ஒரு காயை வைத்துக்கொண்டு மெதுவாக உரித்தார். கம்பளியின் மடிப்பில், முழங்கைப் பக்கம், காய்ந்த இலைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. சுண்டிவிடக் கையைக் கொண்டுபோனார். துணுக்கு நகர்ந்தது. அவர் கை அந்தரத்தில் நின்றது. இது அவர் கட்டிலில் போர்த்திப் படுக்கிற கம்பளி, பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்த கம்பளி. சுருட்டின் ஓரத்தில் கறுத்த தலை வந்தது, கம்பளி ரோமத்தைப் பிடித்தது, சட்டையை இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது, பலமில்லாமல், கடைசி வண்டியைத் தவறவிட்டவன் நடக்கிற மாதிரி. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டதாகச் சொல்லுவார்கள், இது வேட்டிக்குள்ளேயே ஒளிந்திருந்து நேரம் பார்த்து வெளியே வந்திருக்கிறது. சுண்டினால் போதும். புல்லில் விழும். யாருக்கும் தெரியாது. நகத்துக்கடியில் பச்சையோடு அந்த விரல் அங்கேயே நின்றது, அது என்ன செய்யும் என்று தவசிலிங்கத்துக்கே பயமாக இருந்தது. இல்லாவிட்டால் இன்னொன்று செய்யலாம். அவள் எழுந்து போகிற நேரமாகப் பார்த்து, சத்தமில்லாமல் தட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம். உயிரோடு ஒன்று கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவாள், வேலை பிழைத்துவிடும், இவர் பேரும் கெடாது. நல்ல யோசனைதான். முடிச்சை அதே மாதிரி போட்ட ஆளுடைய யோசனை. தட்டில் புழு இருக்கும், சுவர்மேல் பழி இருக்கும், அடுத்த கிறிஸ்துமஸுக்கும் அந்தக் கிழவி அழுவாள். எடுத்தவன் எவனோ அவன் வரட்டும்யா. அவர் சுட்டுவிரலைக் கம்பளியில் வைத்தார். அது விரலில் ஏறியது. ஏறினது தெரியவேயில்லை, அவ்வளவு இலேசு. உள்ளங்கைக்கு மாற்றி, மற்றக் கையால் காற்றுப் படாமல் மூடினார். முறம் மடியிலிருந்து சரிந்து பட்டாணி படியெல்லாம் உருண்டது.

"இந்தா" என்றார்.

உள்ளே இடுக்கிச் சத்தம் நிற்கவில்லை. பூனையை விரட்டுகிறார் என்று நினைத்திருப்பாள், பட்டாணியோடு பேசுகிறார் என்று நினைத்திருப்பாள், இந்த வீட்டில் யார் யாரோடு பேசுவது என்பதற்குக் கணக்கா இருக்கிறது? தொண்டையைக் கனைத்தார். கம்பத்தின் உச்சியில் ஏறி நின்ற முதல் நாள்கூட இவ்வளவு பயம் இல்லை.

"பிலோமினா."

இடுக்கி நின்றது. நாற்காலி உரசியது. அவள் பின்வாசலில் வந்து நின்றபோது கையில் லென்ஸ் இருந்தது, கண் வீங்கியிருந்தது. உருண்டு கிடந்த பட்டாணியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். யாராவது வந்திருக்கிறார்களோ என்று அவருக்குப் பின்னாலும் பார்த்தாள்.

"நாந்தான்" என்றார் அவர். கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் முகத்திலேயே வைத்தார். "வெயிலு இல்ல. நாந்தான் உள்ள கொண்டுபோயி ஹீட்டருக்கு முன்னால வச்சேன். பனியில வெறச்சுப் போயிருமேன்னு. தொடாதீங்கன்னு சொன்னான், கேக்கல. நல்லதுக்கு வச்சேனா வேணும்னு வச்சேனான்னு கேட்டா, எனக்கே சொல்லத் தெரியலத்தா. நீ ஊருக்குப் போனதுனால இல்ல. அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிரு."

அவள் முகத்தில் ஒன்று வந்து, போய், வேறொன்று வந்தது. புழுப் பொறுக்குறவ என்ற அந்தப் பழைய போன் பேச்சும் அதில் இருந்தது, அவர் பார்த்தார். ஏசட்டும் என்று காத்திருந்தார். அவள் பார்வை மெதுவாக இறங்கி, மூடியிருந்த அவருடைய கைகளில் வந்து நின்றது. அவர் மேல்கையை எடுத்தார். உள்ளங்கை நடுவில் சுருட்டு அசையாமல் கிடந்தது. அவருக்குச் சப்பென்று போய்விட்டது. அவள் குனிந்து லென்ஸை வைத்தாள். அவள் மூச்சு அவர் மணிக்கட்டில் பட்டது.

"போயிருச்சா?" என்றார்.

"இல்ல. இருக்கு" என்றாள் அவள். பிறகு, குரலை உயர்த்தாமல், "கையில வச்சிருக்காதீங்க மாமா. கை சூடா இருக்கு. கீழ விடுங்க" என்றாள்.

அவர் நிழல் விழுந்த படியோரமாகக் கையைச் சாய்த்தார். அது சட்டையை இழுத்துக்கொண்டு சில்லென்ற சிமெண்டில் இறங்கியது. அவள் தட்டை எடுத்துவர உள்ளே ஓடினாள். தவசிலிங்கம் அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தார்.